அலகில் ஓர் ஒமேனா

ரவாலா கரையில் நின்ற அத்தி மரத்தை வெட்டிவிடுவது என்று முடிவெடுத்த கூட்டம் அந்த அத்தி மரத்தின் நிழலில்தான் நடந்தது. வேறெங்கே நடத்துவார்கள்? கரை முழுக்கத் தேடினாலும் முப்பது பெண்கள் உட்காருகிற அளவுக்கு வேறு நிழல் கிடையாது. மரத்தின் வேரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு அதற்கு நாள் குறிக்கிறோமே என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை. கோபம் அப்படி.

கோபத்திலும் தப்பில்லை. நான்கு மாத மீன்பிடித் தடை முடிந்து, ஆகஸ்டில் படகுகள் ஏரியில் இறங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒமேனா என்றால் நெத்திலிக்குத் தம்பி மாதிரி ஒரு பொடி மீன். காலையில் படகிலிருந்து வாங்கி, பழைய வலைகளை மணலில் விரித்து, அதன்மேல் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் ஈரம் இறங்குவதற்குள் அள்ளிவிட வேண்டும். நான்கு மாதம் சும்மா கிடந்த பெண்கள் ஆசை ஆசையாக வலையை விரித்தால், தலைக்கு மேலே அத்தி மரத்தில் நாற்பது கூடு. கூட்டுக்குக் கூடு வெள்ளைக் கொக்கு. மேலே இருந்தால் எச்சம், கீழே இறங்கினால் களவு. யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒமேனாப் பெண்கள் சங்கத்தின் தலைவி தமாரி. ஆள் கனம், குரல் அதைவிடக் கனம். கல்லெறிவதில் அந்தக் கரையில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. நாற்பது அடிக்கு அப்பால் நிற்கிற கொக்கின் காலடியில் கல் போய் விழும். கொக்கின்மேல் படாது, கொக்கு அங்கே நிற்கவும் செய்யாது. அவ்வளவு துல்லியமான கை.

“ரம்பக்காரனுக்குச் சொல்லியாச்சு. சனிக்கிழமை மத்தியானம் வந்துருவான். மரம் போனா கொக்கும் போயிரும். யாருக்காவது மறுப்பு இருக்கா?” என்று தமாரி கேட்டாள்.

கேட்டு வாயை மூடவில்லை, மேலிருந்து ஒரு கொக்கு அவளுடைய புதுத் தலைத்துணியில் பதில் சொல்லிவிட்டது. பெண்கள் சிரித்துச் சிரித்து ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்தார்கள். தமாரி சிரிக்கவில்லை.

“பாத்துக்கிட்டீங்கள்ல? இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

அப்போதுதான் தோபியாஸ் வாயைத் திறந்தான். கூட்டத்துக்கு அவன் வந்ததே சங்கத்துப் பெண்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுக்கத்தான். வந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். விதி யாரை விட்டது?

“அதுங்க ஒமேனா திங்கலை” என்றான்.

முப்பது தலை திரும்பியது. அதில் ஒரு தலை அவன் மனைவி ரிஸ்பாவுடையது. சேமே ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் என்பதால் கரையில் அவளுக்குச் சேமேக்காரி என்றுதான் பெயர். ஒமேனாவைத் தூசி தும்பு இல்லாமல் காயவைப்பதில் கெட்டிக்காரி. வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கணவனை அடக்கப் பார்த்தாள். அவன் அடங்கினால்தானே?

“ஈ திங்குது, தும்பி திங்குது, வெட்டுக்கிளி திங்குது. உங்க ஒமேனாவுல மொய்க்கிற பூச்சியத்தான் அதுங்க பொறுக்குது. நான் எத்தனை வருஷமா பாத்துட்டு இருக்கேன்.”

பார்த்துக்கொண்டிருந்தது உண்மை. தோபியாஸுக்குத் தொழில் சாவு வீட்டில் படம் எடுப்பது. அந்தப் பக்கத்து லூவோ சனங்களுக்குச் சனிக்கிழமை என்றால் அடக்கம், அடக்கம் என்றால் பந்தல், பந்தல் என்றால் தோபியாஸ். பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமை தோறும் அழுகிற முகங்களை எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளைக் கரையில் நிறுத்திவிடுவான். ஒரு மணி நேரம் கொக்குகளைப் பார்ப்பான். பார்த்தால் மனசு கழுவிவிட்டாற்போல் ஆகிவிடும். அந்த நேரத்து வெயில் ஏரியின் மேல் படுத்துக்கொண்டு வரும். அதில் ஒரு கொக்கு கழுத்தை நீட்டி, ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைக்கும். என்ன நடை அது! ராணியம்மா சேற்றில் இறங்கினாலும் அப்படி நடக்கமாட்டாள். ஆனால் ஒன்று. பிரியம் வைத்துப் பார்க்கிறவன் எதைப் பார்ப்பான், எதை விடுவான் என்று உங்களுக்கே தெரியும்.

தமாரி இடுப்பில் கை வைத்தாள். “அப்படியா? சரிய்யா போட்டோக்காரரே. நீ படம் எடுக்குறவன்தானே, எடுத்துக் காட்டு. சனிக்கிழமை வரைக்கும் டைம். கொக்கோட வாயில பூச்சி இருந்துச்சுன்னா மரத்தை விட்டுர்றேன். ஒமேனா இருந்துச்சுன்னா ரம்பம். என்ன?”

“சரி.”

“சும்மா வெள்ளையா ஒண்ணு தெரியுதுன்னு காட்டக்கூடாது. வாயில என்ன இருக்குன்னு என் கண்ணுக்குத் தெரியணும்.”

மரத்தில் இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள் இருந்தன. தாய் வரும்போதெல்லாம் கூட்டின் விளிம்பில் எழுந்து நின்று கத்துகிற குஞ்சுகள். ரம்பம் வந்தால் அத்தனையும் மணலில் விழும். 

 வீட்டு வாசலுக்கு வந்ததும் ரிஸ்பா பிடித்துக்கொண்டாள்.

“ஏன்யா, உனக்குக் கொக்கு சொந்தக்காரனா? நாளைக்கு நீ தோத்துட்டா, கரையில நான் எப்படித் தலை நிமிர்ந்து வலை விரிப்பேன்? கொக்குக்கு வக்காலத்து வாங்குனவன் பொண்டாட்டின்னு பாட்டே கட்டிருவாளுங்க.”

“தோக்கமாட்டேன் சேமேக்காரி.”

“ம்க்கும். கொக்குக்கிட்டயும் சொல்லி வை.”

மறுநாள் செவ்வாய். ஐந்து மணிக்குப் பெண்கள் குனிந்து ஒமேனாவை அள்ளத் தொடங்கினார்கள். கொக்குகளுக்கும் அதுதான் நேரம். ஒன்றிரண்டாக மரத்திலிருந்து இறங்கி வலைகளுக்கு நடுவே உலாத்தின. தோபியாஸ் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு பதுங்கிப் பதுங்கிப் போய், கேமராவை முகத்துக்கு உயர்த்தினான்.

அவ்வளவுதான். படபடவென்று கரை முழுக்கக் காலி. ஒரு கொக்குகூட மிச்சமில்லை.

இன்னொரு தடவை காத்திருந்து உயர்த்தினான். மறுபடியும் காலி. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“யோவ், கையைத் தூக்குனா எங்க கல்லுன்னு நினைச்சுக்குதுய்யா! எல்லாம் என் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைங்க!” என்று தமாரி தூரத்திலிருந்து கத்தினாள்.

அன்றைக்கே தோபியாஸ் படகுக்காரன் ஒடேராவிடம் போய் நின்றான். ஒடேரா சின்ன வயதுச் சிநேகிதன். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“டேய், உனக்கு அறிவு இருக்கா? மத்தியானத்துக்கு மேல காத்து எங்கிருந்து அடிக்குது?”

“ஏரியிலருந்து.”

“கொக்கு காத்துக்கு முதுகைக் காட்டுமா? காட்டுனா றெக்கை குடை மாதிரி திரும்பிக்கும். அதனால எல்லாம் ஏரியப் பாத்துத்தான் நிக்கும். சூரியன் எந்தப் பக்கம் இறங்குது? அதுவும் ஏரிப் பக்கம். அப்ப வெளிச்சம் பூரா கொக்கு மூஞ்சியில. நீ கரையில நின்னுக்கிட்டு அதோட முதுகைப் படம் எடுக்குறியா?”

“அப்போ?”

“படகுல வா. படகுலருந்து எவனும் கல்லெறிஞ்சதில்ல. நம்மள அது கண்டுக்கவே கண்டுக்காது.”

புதன்கிழமை ஒடேரா சொன்னபடியே நடந்தது. படகைக் கரைக்குப் பத்தடி தள்ளி நாணலோரமாக நிறுத்தினார்கள். தோபியாஸ் கேமராவை உயர்த்தினான். கொக்குகள் அசையவில்லை. கறுப்புக் காலுக்கு மஞ்சள் செருப்பு மாட்டினாற்போல் பாதங்கள். கழுத்தின் வளைவில் வெயில் தேன் மாதிரி வழிந்தது. இருநூறு படத்துக்குக் குறையாமல் எடுத்தான். சந்தோஷத்தில் ஒடேராவின் தலையில் ஒரு முத்தம் வேறு.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பாவி மனுஷன், இருநூறிலும் கொக்கே இல்லை. கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டினாற்போல் ஒரு ஓட்டை. இறகு இல்லை, வளைவு இல்லை. ஒரு படத்தில் அலகில் ஏதோ இருந்தது. அதுவும் அந்த வெள்ளைக் கண்கூச்சத்தில் கரைந்துபோயிருந்தது.

“கேமரா கெட்டுப்போச்சு” என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ரிஸ்பா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஏன்டி சிரிக்கிற?”

“போன வருஷம் வெள்ளை அங்கிச் சபைக்காரங்க சாவுல நீ எடுத்த படம் ஞாபகமிருக்கா? அங்கியெல்லாம் இப்படித்தான் காணாமப் போச்சு. மூஞ்சி மட்டும் பத்து, அந்தரத்துல மிதந்துச்சு. ஆனா மூஞ்சி ஒவ்வொண்ணும் அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதனால யாரும் ஒண்ணும் சொல்லல.”

தோபியாஸ் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பதினைந்து வருஷமாக அந்த விரல் ஒரே வேலையைச் செய்து பழகியிருந்தது. வெள்ளைச் சாட்டின் விரித்த சவப்பெட்டிக்குள் கறுத்த முகம். கேமரா சாட்டினைப் பார்த்து மிரண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். அதனால் எடுப்பதற்கு முன்னாலேயே அவன் கட்டைவிரல் கேமராவின் சக்கரத்தை மேலே இரண்டு பல் தள்ளி வெளிச்சத்தை ஏற்றிவிடும். துணி எக்கேடு கெட்டால் என்ன, முகம் தெரிய வேண்டும். அவனுக்கு அந்த வட்டாரத்தில் பெயர் கிடைத்ததே அதனால்தான். எல்லோர் படத்திலும் இறந்தவன் கரிக்கட்டையாகக் கிடப்பான், தோபியாஸ் படத்தில் தூங்குவான்.

“உன் விரலுக்கு வந்தது கொக்குன்னு தெரியல. எதிர்ல நம்ம ஆளு செத்துக் கிடக்கிறாருன்னு நினைச்சு வெளிச்சத்தை ஏத்திருக்கு” என்றாள் ரிஸ்பா.

இப்படி ஒருத்தி வீட்டில் இருக்கும்போது கேமராவைக் குறை சொன்னோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அன்று இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை கட்டைவிரலில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு படகில் ஏறினான். விரல் மேலே தள்ள வரும்போதெல்லாம் துணி ஞாபகப்படுத்தும். சக்கரத்தைக் கீழே இரண்டு பல் இறக்கினான். நான்கு மணிக்கெல்லாம் மேகம் மூடிவிட்டது. இருந்தாலும் ஒரு கொக்கு நாணலில் ஒரு தும்பியைக் கவ்வியது. கிளிக். தும்பியின் இறக்கைகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

“முடிஞ்சுதுடா! வா, சோடா வாங்கித் தா” என்றான் ஒடேரா.

முடிந்ததுதான். மரம் தப்பித்த மாதிரிதான். ஆனால் தோபியாஸ் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் வெளிச்சம், சாம்பல் தண்ணீர், நடுவில் அழுக்குத் துணி மாதிரி கொக்கு. இதுவா நான் பதினைந்து வருஷம் பார்த்த கொக்கு?

“நாளைக்கும் ஒரு தடவை போவோம்.”

“எதுக்கு?”

“வெயில் வரும்.”

வெள்ளிக்கிழமை மழை பெய்து வெறித்தது. ஐந்தரைக்கு மேகத்துக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு கீற்று திறந்து, அதன் வழியே சூரியன் கரை முழுக்கப் பாய்ந்தது. மழைக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பெண்கள் அவசரமாகப் பாயை விலக்கிக்கொண்டிருந்தார்கள். மரத்திலிருந்து ஒரு கொக்கு இறங்கியது. ஈரத்தில் கழுவின இறகு, ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணலாம். அது நடந்தது. முதல் வலையைத் தாண்டியது. இரண்டாவது வலையில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, பிடிக்காமல் நகர்ந்தது. மூன்றாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான்காவது வலையில் நின்றது. காற்றுக்கு முகம் கொடுத்து நிமிர்ந்தது.  தோபியாஸின் விரல் தானாக அழுத்தியது.

திரையைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. மார்பு இறகின் மேல் இன்னொரு இறகின் நிழல் விழுவதுகூடத் தெரிந்தது. வெள்ளைக்குள் இத்தனை நிறமா? தேன் நிறம், ரோஜா நிறம், கழுத்துக்கு உள்ளே லேசாக நீலம். கண் மஞ்சள் மணி. கறுத்த அலகு. அலகில் குறுக்காக, வெள்ளிக் கம்பி மாதிரி மின்னிக்கொண்டு, ஒரு ஒமேனா.

ஒடேரா எட்டிப் பார்த்தான். 

“தோபியாஸ்.”

“ம்.”

“அழிச்சிரு.”

“இதையா?”

“உனக்கு மரம் வேணுமா, படம் வேணுமா? தும்பி இருக்குல்ல, அதக் காட்டு. இது வெளிய வந்துச்சுன்னா தமாரி அக்கா அந்த இடத்திலேயே ரம்பத்தைப் போடச் சொல்லுவா. குஞ்சுங்களை நினைச்சுக்க.”

தோபியாஸ் அழிக்கவில்லை. அழிக்கிற பொத்தானுக்கு அருகே விரல் போகவேயில்லை. அன்று ரிஸ்பா களியும் மீன் குழம்பும் எடுத்து வைத்தாள். அவன் தொட்டதோடு சரி. “கொக்கு ஏதும் சொல்லிச்சா?” என்று கேட்டாள். “தும்பிப் படம் கிடைச்சிருச்சு” என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு சாவு வீட்டை வேறொருத்தனிடம் விட்டுவிட்டு, காலையிலேயே கிசுமு நகரத்துக்கு பஸ் ஏறினான். வழக்கமாகப் படம் போடும் கடையில் தும்பிப் படத்தைச் சின்னதாகப் போடச் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டியதுதானே? நாக்கு நிற்கவில்லை. மற்றதைப் பெரிதாகப் போடச் சொன்னான். எவ்வளவு பெரிதாக? சாவுப் பந்தலில் பெட்டிக்கு மேல் வைப்பார்களே, அவ்வளவு பெரிதாக. யாருக்கும் காட்டப்போவதில்லை, வீட்டில் நான் மட்டும் பார்த்துக்கொள்வேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அந்த அளவுக்குக் கடையில் இருந்ததும் இறந்தவர்களுக்குப் போடுகிற கறுப்புச் சட்டம்தான். அதிலேயே மாட்டி, வழக்கப்படி வெள்ளைத் துணியால் மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் மரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ரம்பக்காரன் வேரில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரம்பம், எண்ணெய் மினுக்கத்தோடு. மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. தோபியாஸ் துணி மூடிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பெண்கள் எழுந்து வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

“ஐயையோ, யாருய்யா செத்தது?”

“யாரும் சாகல. வேற வேலைக்கு வாங்குனது” என்று சட்டத்தை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, பையிலிருந்து சின்னப் படத்தை எடுத்துத் தமாரியிடம் நீட்டினான்.

தமாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், தூர வைத்துப் பார்த்தாள்.

“தும்பிதான்” என்றாள் கடைசியில். வார்த்தை தவறாதவள். “சொன்னா சொன்னதுதான். யப்பா ரம்பம், நீ சோடாவ முடிச்சுட்டுக் கிளம்பு.”

ரிஸ்பா விட்ட பெருமூச்சு பத்தடி தூரத்துக்குக் கேட்டது. ஒடேரா கண்ணடித்தான்.  மரம் பிழைத்துவிட்டது. அப்படியே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

படம் கை மாறிக் கை மாறிப் போனது. ஒருத்தி “ம்” என்றாள். இன்னொருத்தி “கொக்குதான்” என்றாள். தமாரி அதைத் திருப்பிக் கொடுக்கும்போது, பாவம், நல்ல மனசோடுதான் சொன்னாள்:

“இதுக்கா மூணு நாளா படகுல கிடந்தே? என் பேரன் போன்ல எடுத்தாலே இப்படித்தான்யா வருது.”

தோபியாஸுக்குக் காது மடல் சுட்டது. பேரனாம். போனாம். வெள்ளைத் துணிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா உங்களுக்கு? ஒடேரா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு “டேய், வேணாம்டா” என்று முனகினான். யார் கேட்கிறார்கள்? தோபியாஸ் போய்த் துணியை உருவிவிட்டான்.

 சட்டத்துக்குள்ளிருந்து கொக்கு எல்லோரையும் பார்த்தது. வெள்ளிக்கிழமை வெயில் அதன் மேல் இன்னும் அப்படியே இருந்தது. பின்வரிசைப் பெண்கள் எட்டிப் பார்க்க, முன்வரிசைப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், பந்தலில் கடைசியாக முகம் பார்க்க வழிவிடுவார்களே, அதுபோல. ஒருத்தி “அட சாமி, இவ்வளவு அழகா நம்ம தலைமேல இருந்துச்சு?” என்றாள். 

தமாரி குனிந்தாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

“ஒமேனா” என்றாள்.

நிமிர்ந்து தோபியாஸைப் பார்த்தாள்.

“போட்டோக்காரரே, இது ஒமேனா.”

“ஆமா.” என்றான் தோபியாஸ். “நான் சொன்னது பொய்தான் அக்கா. எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சுது. தும்பியும் திங்குது, ஒமேனாவும் திங்குது. இந்தப் படத்தை மறைக்கணும்னுதான் வந்தேன். முடியல.”

ரம்பக்காரன் கிளம்ப எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். தோபியாஸ் மரத்தை அண்ணாந்து பார்க்கவேயில்லை. குஞ்சுகள் கத்துவது மட்டும் கேட்டது. இரண்டு நல்ல வார்த்தைக்கு ஆசைப்பட்டு நாற்பது கூட்டையும் விற்றுவிட்டாயே பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது ரிஸ்பா முன்னால் வந்தாள். படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தாள்.

“இது என் வலை.”

“என்னது?”

“பச்சை வலையில சிவப்பு நூல் போட்டு முடிஞ்சது நான்தான். இது என் ஒமேனா.” அவள் குரலில் வருத்தம் இல்லை. அது என்ன குரல் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. பெருமை.

“உன்னுதா? காட்டு” என்று இரண்டு பேர் முண்டிக்கொண்டு வந்தார்கள். “பச்சை வலை என்கிட்டயும் இருக்கு!” “உன்னுது ஓரத்துல நீலம்டி, சும்மா இரு.” “என் ஒமேனாதான் இவ்வளவு நீட்டா இருக்கும்!”

ஒடேராவுக்கு எப்போதுமே வாய் அடங்காது. “சேமேக்காரி வலைதான். நான் படகுலருந்து பாத்தேனே. மூணு வலையத் தாண்டித்தான் அது இங்க வந்துச்சு. ரெண்டாவது வலையில நின்னு பாத்துச்சு, புடிக்கல, போயிருச்சு.”

“ரெண்டாவது யாரோடது?” என்று தமாரி மெதுவாகக் கேட்டாள்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நேற்று மரத்திலிருந்து இரண்டாவதாக விரித்திருந்தது யாருடைய வலை என்று கரைக்கே தெரியும்.

“என் ஒமேனா புடிக்கலயா?” தமாரியின் கழுத்து நரம்பு புடைத்தது. “முப்பது வருஷமா காயவைக்கிறேன்! என் மீனுல ஒரு மண் இருக்குன்னு எவளாவது சொல்லியிருக்காளா? இந்த ஒட்டடைக்குச்சிக் காலு கொக்கு எனக்குச் சொல்லுதா?”

“மழை பெஞ்சுதுல்ல அக்கா, அவசரத்துல உங்களுது சரியா காஞ்சிருக்காது” என்றாள் ரிஸ்பா, ஆறுதல் சொல்கிற மாதிரி. அதில்தான் தமாரிக்கு முழுக்கப் பற்றி எரிந்துவிட்டது.

“அதுக்கு என்னடி தெரியும்! செவ்வாக்கிழமை வெயில்ல வந்து பாக்கச் சொல்லு! என் வலையில உக்காந்து திங்கலன்னா என் பேரு தமாரி இல்ல!” திரும்பி ரம்பக்காரனைப் பார்த்துக் கத்தினாள். “நீ என்னய்யா இன்னும் உக்காந்திருக்க? மரத்தை வெட்டிட்டா கொக்கு எங்கிருந்து வரும்? போ, போ!”

ரம்பக்காரன் போனான். தோபியாஸ் வேரில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குத் தமாரி ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டு, புதுத் தலைத்துணியும் கட்டிக்கொண்டு தன் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மீனாகத் தூசி தட்டிப் பரப்பியிருந்தாள். வலையை மரக்கிளைக்கு நேர் கீழே போடாமல் பத்தடி தள்ளித் தண்ணீரோரம் விரித்திருந்தாள். மற்ற பெண்களும் அன்று தள்ளித்தான் விரித்திருந்தார்கள். ஏன் இதை முன்னமே செய்யவில்லை என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தோபியாஸும் ஒடேராவும் படகைக் கரைக்கு இருபதடிக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

“நானும் படத்துல வரணும். மூஞ்சி கரியா வந்துச்சு, தொலைச்சிருவேன்” என்றாள் தமாரி.

“உங்க முகத்துக்கு வெளிச்சம் ஏத்துனா கொக்கு வெளுத்துரும் அக்கா. கொக்குக்கு இறக்குனா நீங்க இருட்டாயிருவீங்க.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரெண்டும் வேணும்.”

தோபியாஸ் சூரியனைப் பார்த்தான். “அப்ப இன்னும் ஒரு சாண் இறங்கட்டும். அதுவரைக்கும் ஆடாம இருக்கணும்.”

ஆடாமல் இருந்தாள். வாழ்நாளில் அந்தப் பெண் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததை யாரும் பார்த்ததில்லை. பழக்கதோஷத்தில் மடியில் ஒரு கல் மட்டும் வைத்திருந்தாள். சூரியன் இறங்கி வெயில் சிவந்து படுத்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளையின் கூச்சம் அடங்கும், கறுத்த தோல் எண்ணெய் தடவினாற்போல் சுடர்விடும். கொக்கு வந்தது. காலைத் தூக்கி, யோசித்து, வைத்து, தமாரியின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவளைப் பார்த்தது. கல்லைப் பார்த்தது. பிறகு குனிந்து, இருக்கிறதிலேயே நீளமான ஒமேனாவாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது. தமாரியின் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

தோபியாஸின் கட்டைவிரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சக்கரம் நடுவில் நின்றது. கிளிக்.

“எடுத்துட்டியாய்யா?” உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

“எடுத்துட்டேன் அக்கா.”

“கொக்கையா, என்னையா?”

“ரெண்டு பேரையும். முகமும் இருக்கு, இறகும் இருக்கு.”

“வாயில ஒமேனா தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

“அப்ப சரி. இனிமே விரட்டலாம்ல?”

கேட்டாளே தவிர, கல் மடியிலேயே கிடந்தது. கொக்கு இரண்டாவது ஒமேனாவையும் எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மரத்துக்கு ஏறிப் போனது. மேலே குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. தமாரி கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.